கடன் பணம் அவரவர் கைப்பேசிக்கே வரட்டும்

ஒரு சிறுகடன் குழுவின் கணக்கைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ரொக்கமாகவே கடன் வாங்கி, ரொக்கமாகவே தவணை கட்டிக்கொண்டிருந்த குழுவைக் கைப்பேசிக் கணக்குக்கு, அதாவது கைப்பேசி எண்ணிலேயே பணம் வாங்கவும் அனுப்பவும் முடிகிற கணக்குக்கு, மாற்றியதை இங்கே பகிர்கிறேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும்.

மாறச் சொன்னது எங்களுக்குக் கடன் தரும் நிறுவனம். அவர்களுக்கு வசூல் செலவு மிச்சம். எங்களுக்கு வேறு காரணம் இருந்தது. தையல் மெஷின் வாங்க ஒரு பெண் எடுத்த கடன் மைத்துனரின் வண்டிக்குப் போய்விடும். தவணை மட்டும் அவர் பெயரில் நிற்கும். "கையில காசா வாங்கினா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பங்கு கேக்க ஆள் வந்துடுதுக்கா" என்று ஒருவர் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள்.

உகாண்டாவில் சிறுகடன் தரும் பிராக் என்ற தொண்டு அமைப்பிடம் கடன் வாங்கிய பெண்களை வைத்து எமா ரைலி என்ற பொருளாதார ஆய்வாளர் இதையேதான் சோதித்துப் பார்த்தார். ஒரு பிரிவினருக்குக் கடன் ரொக்கமாகப் போனது, இன்னொரு பிரிவினருக்குக் கைப்பேசிக் கணக்கில் போனது. கைப்பேசியில் வாங்கியவர்களின் தொழில் லாபம் சுமார் 15 சதவீதம் கூடுதலாக இருந்தது. வீட்டில் பணம் கேட்டு நெருக்கப்பட்ட பெண்களுக்குத்தான் அதிகப் பலன். கூட்டத்தில் இதைச் சொன்னதும் மாறுவதற்கு எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள்.

சரி, தொடங்கலாம் என்று பார்த்தால் சிம்கார்டில் வந்து நின்றது. பாதிப் பேருடைய எண் கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இருந்தது. அந்தக் கணக்கில் கடன் விழுந்தால் குறுஞ்செய்தியும் அவருக்கு, பணமும் அவருக்கு. அப்புறம் மாறி என்ன பயன்? சொந்தப் பெயரில் சிம் வரும்வரை யாருடைய கடனையும் மாற்ற விடக்கூடாது என்று முடிவெடுத்தோம். அடையாள அட்டையில் பெயர் ஓரெழுத்து மாறியிருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வந்தது. மொத்த வேலையில் அதிக காலம் இதற்குத்தான் போனது. நிறுவனம் அவசரப்படுத்தியது, நாங்கள் அசையவில்லை.

அடுத்தது ரகசிய எண். பணம் எடுக்கப் போகும் கடையில் போனை நீட்டி, "நீங்களே போட்டுக்குங்க தம்பி" என்று எண்ணையும் சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. எங்களில் மூத்தவர் ஒருவர் வைத்திருந்தது பட்டன் போன். அதில் 5 என்ற பட்டனின் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும். கட்டைவிரலால் முதலில் அதைத் தொட்டு, அங்கிருந்து மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று நகர்த்தித் தன் எண்ணைப் பழகிக்கொண்டார். திரையைப் பார்க்கவே இல்லை. மற்றவர்களுக்கும் அவரே சொல்லிக்கொடுத்தார். நிறுவனம் அனுப்பிய படக்கையேட்டைவிட அதுதான் உதவியது.

தவணை கட்டுவது எளிதாகும் என்று எதிர்பார்த்தோம், ஆனது. ஆனால் அதைவிடப் பெரிய உதவி எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. கையில் பணம் குறையும்போது வெளியூரில் இருக்கும் தங்கையோ மகளோ அன்று இரவே அனுப்பிவிடுகிறார்கள், வட்டிக்காரரிடம் போக வேண்டியதில்லை. கென்யாவின் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவையின் கதையும் இதுதான். 2005-ல் அதைச் சிறுகடன் தவணை கட்டுவதற்காகத்தான் சோதித்தார்கள். மக்களோ ஒருவருக்கொருவர் பணம் அனுப்ப அதைப் பயன்படுத்தினார்கள். 2007-ல் பணம் அனுப்பும் சேவையாகவே அது வெளிவந்தது. அந்தச் சேவையால் கென்யாவில் சுமார் 1,94,000 குடும்பங்கள், அதாவது 2 சதவீதம், வறுமையிலிருந்து மீண்டதாக பொருளாதார ஆய்வாளர்கள் தவ்னீத் சூரியும் வில்லியம் ஜாக்கும் 2016-ல் கணக்கிட்டார்கள்.

எல்லாம் போனிலேயே நடக்கிறதே, கூட்டம் எதற்கு என்று நிறுவனம் கேட்டது. இதற்கு மட்டும் நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. யார் வீட்டில் நோய், யார் மூன்று இடத்தில் கடன் வாங்கியிருக்கிறார் என்பது கூட்டத்தில்தான் தெரியவரும். உடனடிக் கடன் தருவதாக வந்த ஒரு செயலியை ஓர் உறுப்பினர் கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். போனில் உள்ள எல்லாத் தொடர்பு எண்களையும் பார்க்க அது அனுமதி கேட்டது. கட்டத் தாமதமானால் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு அவமானப்படுத்தத்தான் இந்த வழி என்று விளக்கினோம். அவர் அங்கேயே அதை அழித்தார்.

இப்போது ஒரு கோரிக்கை வைத்திருக்கிறோம். கடன் வந்த உடனே தவணை தொடங்குவதால், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் கடன் பணத்திலேயே முதல் தவணைகளைக் கட்ட வேண்டியிருக்கிறது. கொல்கத்தாவில் நடந்த ஓர் ஆய்வில் இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தபோது தொழிலில் முதலீடு கூடியது, நாளடைவில் லாபமும் கூடியது. கடனைக் கட்டாதவர்களும் கூடினார்கள் என்பது உண்மைதான், அதனால் நிறுவனம் தயங்குகிறது. முதல் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்காவது அந்த அவகாசம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு அவர்களின் மேலாளர் வருகிறார். அவரிடம் காட்ட, கடன் பணத்திலிருந்தே தவணை கட்டியவர்களின் கணக்கைத் தனியாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.