ஆச்சி மேடையிலிருந்து இறங்கவே இல்லை

ஆச்சி என்று எல்லோரும் அழைத்த நடிகை மனோரமாவைப் பற்றி யார் எழுதினாலும் "பெண் சிவாஜி" என்று ஆரம்பிக்கிறார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனாலும் எனக்கு அது உவப்பாக இல்லை. இன்னொருவர் பெயரைக் கடன் வாங்கித்தான் அந்த அம்மாளை அளக்க வேண்டுமா?

பள்ளியில் தமிழாசிரியையாக வேலை பார்த்தவள் நான். ஆண்டு விழா வந்தால் நாடகம் போடும் பொறுப்பு என் தலையில்தான் விழும். வசனம் பேசச் சொல்லிக்கொடுக்க எந்தப் புத்தகமும் எனக்கு உதவியதில்லை. ஆச்சியின் படங்கள்தான் உதவின. அதனால் இதைச் சொல்லும் உரிமை எனக்குக் கொஞ்சம் உண்டு என்று நினைக்கிறேன்: அவர் சினிமாவுக்குப் போன நாடக நடிகை இல்லை. கேமரா முன்னாலும் நாடகமேடையில் நின்றவர்.

1937-இல் மன்னார்குடியில் கோபிசாந்தா என்ற பெயரில் பிறந்த ஆச்சி, சின்ன வயதிலேயே தாயாருடன் செட்டிநாட்டுப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்துவிட்டார். தகப்பனார் கைவிட்ட குடும்பம். பாடவும் ஆடவும் வரும் என்பதால் நாடகத்துக்குக் கூப்பிட்டார்கள். "பள்ளத்தூர் பாப்பா" என்று பெயரானார். எங்கள் பக்கத்துத் திருவிழா நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது லேசுப்பட்ட மேடை இல்லை. விடிய விடிய நடக்கும். ஜனங்கள் பாயை விரித்துப் படுத்துக்கொண்டே பார்ப்பார்கள். வசனம் சப்பென்று இருந்தால் அப்படியே தூங்கிப்போவார்கள். தூங்குகிறவரை ஒரே வரியில் எழுப்பி உட்கார வைக்கத் தெரிந்தால்தான் அங்கே பிழைக்க முடியும்.

பிறகு நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழு, கலைஞர் எழுதிய 'மணிமகுடம்', அண்ணாவோடும் கலைஞரோடும் சேர்ந்து மேடையேறியது எல்லாம் நடந்தது. 1958-இல் கண்ணதாசன் தாம் எடுத்த 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடம் கொடுத்தார். 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். அந்த வரிசை தொடரவில்லை. தொடராததில் எனக்கு வருத்தமும் இல்லை. டூயட் பாடும் நாயகியாகவே இருந்திருந்தால் பத்து வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

1968-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' அந்த வருஷம்தான் வந்தது. இயக்கிய ஏ.பி. நாகராஜன், நாதஸ்வரக்காரர் சிவாஜி, தவில்காரர் பாலையா, எல்லோருமே நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு நடுவே ஜில் ஜில் ரமாமணி என்ற நாடகக்காரியாக ஆச்சி வருகிறார். தான் எந்த உலகத்திலிருந்து வந்தாரோ அதே உலகத்துப் பெண். கேலிச்சித்திரமாக ஆக்கிவிட எல்லா வாய்ப்பும் இருந்த வேடம் அது.

அந்த நாயனம் காட்சியை நான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியிருக்கிறேன். எல்லா நாயனத்திலும் இப்படித்தான் சத்தம் வருமா, இல்லை உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா என்று கேட்பாரே, அதுதான். எழுத்தில் படித்தால் அசட்டுக் கேள்வி. அவர் கேட்கும்போது அதில் அசடு துளியும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற ஒரு பெண் கேட்கிறாள். தானும் ஒரு கலைக்காரி என்ற உரிமை அந்தக் குரலில் இருக்கிறது, பெரிய வித்வான் முன்னால் நிற்கிற பூரிப்பும் இருக்கிறது. நமக்குச் சிரிப்பு வருகிறது, அவளைப் பார்த்து இளப்பம் மட்டும் வரவில்லை. இதைச் செய்துகாட்ட எத்தனை பேரால் முடியும்?

ஒரு முறை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வசனத்தைக் கடகடவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், எல்லாரும் சிரிக்கிறாங்க, அதுக்குள்ள அடுத்த வரியச் சொல்லிடணும்ல?" என்றாள். ஆச்சியைப் பார்க்கச் சொன்னேன். சிரிப்பு அடங்குகிற மட்டும் அவர் முகத்தில் ஏதோ ஒரு வேலை நடந்துகொண்டே இருக்கும். முந்தானையை இழுத்து விடுவார், கண்ணை ஒரு சுற்றுச் சுற்றுவார். படப்பிடிப்பில் சிரிக்க ஆளே கிடையாது. கொட்டகையில் எங்கே சிரிப்பார்கள், எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்பதை முன்கூட்டியே கணக்குப் பண்ணி இடம் விடுகிறார். அது மேடை கொடுத்த கணக்கு.

அதே 1968-இல் வந்த 'பொம்மலாட்டம்' படத்தில் "வா வாத்யாரே ஊட்டாண்ட" என்று அசல் சென்னைக்காரியாகச் சொந்தக் குரலில் பாடியிருக்கிறார். முந்தின வருஷம் 'அனுபவி ராஜா அனுபவி'யில் தூத்துக்குடிப் பெண். 1992-இல் 'சின்னக் கவுண்டர்' வந்தபோது பல்லைத் துருத்திக்கொண்டு கொங்குப் பக்கத்து ஆத்தா. தஞ்சாவூர் மண்ணில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்தவர், எந்தப் பக்கத்துப் பேச்சானாலும் அந்த ஊர்க்காரராகவே நம்மை நம்பவைத்தார். வட்டார வார்த்தைகளைத் தூவினால் பேச்சு வழக்கு வந்துவிடும் என்று இன்று பலர் நினைக்கிறார்கள். ஆச்சி வார்த்தையை விட இழுவையைத்தான் பிடிப்பார். எங்கே நீட்டுவது, எங்கே முழுங்குவது என்பதில் அவருக்குப் பிசகியதாக எனக்கு நினைவில்லை.

'சம்சாரம் அது மின்சாரம்' 1986-இல் வந்தது. அதை இயக்கிய விசுவும் மேடையிலிருந்து வந்தவர்தான். வேலைக்காரி கண்ணம்மாவாக வரும் ஆச்சி, சம்பந்தியாக வரும் கிஷ்முவின் வீட்டில் போய்ச் சண்டை பிடிக்கும் காட்சி பேர்போனது. "கம்முனு கெட" என்பதை அதில் எத்தனை விதமாகச் சொல்கிறார் என்று காதால் மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒன்று அதட்டல், ஒன்று அலட்சியம், இன்னொன்று தாளத்துக்குத் தட்டுகிற மாதிரி. ஒரே சொல்லை மறுபடி சொல்லி மறுபடியும் சிரிக்க வைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் சுருதி மாற வேண்டும்.

ஆயிரம் படங்களைத் தாண்டியதற்காகக் கின்னஸ் சாதனை, 'புதிய பாதை'க்காகத் துணை நடிகைக்கான தேசிய விருது, 2002-இல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபர் 10 அன்று காலமானார். அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். என ஐந்து முதல்வர்களோடு நடித்தவர் என்று அன்று எல்லாச் செய்திகளிலும் சொன்னார்கள். பெருமைதான். ஆனால் நான் ஏங்குவது வேறு விஷயத்துக்கு. ஐம்பது வருஷத்துக்கு மேல் நடித்தவரைத் தனி ஆளாக நம்பி நம்மவர்கள் எடுத்த படங்கள் எவ்வளவு குறைவு! 1988-இல் 'பாட்டி சொல்லைத் தட்டாதே' வந்தது. பாட்டிதான் படமே. ஜனங்கள் கொண்டாடினார்கள். அப்படி ஓடிய பிறகும் மறுபடி அவரை "அம்மா", "ஆத்தா" என்று ஓரத்தில் நிறுத்தியதை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.