அட்டைக் காலுறையும் என் முதல் கமிஷனும்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் லாங்வுட் சோலைப் பக்கம் அட்டைக்குப் பஞ்சமில்லை. போன வருஷம் ஓர் அட்டை, அட்டைக்கடியைத் தடுக்க நான் போட்டிருந்த காலுறைமேல் முழங்கால் வரை ஏறி, நெருக்கமான நெசவில் கடிக்க இடமில்லாமல் நெளிந்துகொண்டிருந்தது. 40 விநாடி வீடியோ எடுத்து, கீழே என் தளத்தின் சுட்டியைப் போட்டு, சொந்தக்காரர்கள் குழுவில் விட்டேன். மூன்றாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து அத்தை மகன் அதையே எனக்கு அனுப்பி, “பாத்தியா, உங்க ஊர் அட்டை!” என்கிறான்.

1996-ல் ஹாட்மெயில் வளர்ந்ததும் இப்படித்தான். ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் இலவசக் கணக்குக்கு ஒரு வரி அழைப்பு. அனுப்பியவரே விளம்பரதாரர் ஆகிவிட்டார்.

ஆனால் பரவுவது வேறு, விற்பது வேறு. என் தளத்தில் இருக்கும் அமேசான் சுட்டியைத் தொட்டவர் 24 மணி நேரத்துக்குள் பொருளைக் கூடையில் போட்டு, பிறகு வாங்கினால்தான் அமேசான் நமக்குக் கமிஷன் தரும். சிரித்துவிட்டுப் போகிறவர் வாங்க மாட்டார். அந்த மாதம் எனக்கு வந்தது 212 ரூபாய். அதுவும் வீடியோவால் இல்லை. எந்த அளவு காலுறை யாருக்குச் சரி, எப்படித் துவைப்பது என்று நான் பொறுமையாக எழுதிய பக்கத்தால்.

அதற்கு முன்பு, தினமும் ஆயிரக்கணக்கில் வரும் என்று சொன்ன ஒரு பயிற்சிக்கு 3000 ரூபாய் கட்டி ஏமாந்திருந்தேன். அதனால் இப்போது பக்கத்தின் தலையிலேயே எழுதிவிடுகிறேன்: இந்தச் சுட்டி வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு. அடுத்து கம்பூட் என்கிற உயரமான ரப்பர் காலணி பற்றி எழுதப் போகிறேன். தேயிலை பறிக்கும் அம்மா இரண்டு மழைக்காலம் போட்டுத் தேய்த்த ஜோடி, வாசலில்தான் கிடக்கிறது.