அமிர்தகழி மகேந்திரனும் அம்மாவின் சீமெந்துப் பைகளும்

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று தரம் போன் பண்ணிவிட்டார். பாஸ்கற்பால் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து வெபர் அடிகளாரைப் பற்றி எழுத ஒரு வரிசையே நிற்கிறது. நான் விளையாட்டில் பெஞ்சு தேய்த்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு பழைய மாணவரைப் பற்றி எழுதுகிறேன். தெரிந்தவர் என்றால் பழகியவர் இல்லை. நேரில் ஒரு தரம்கூடக் கண்டதில்லை.

நான் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரிக்குப் போனபோது, பிறகு சினிமா இயக்குநரான பாலு மகேந்திரா அங்கே படித்துவிட்டுப் போய் இருபது வருடம் ஆகியிருக்கும். எங்களுக்குப் பௌதிகம் படிப்பித்த சேருக்கு அவர் பாலு மகேந்திரா இல்லை; அமிர்தகழி மகேந்திரன். பாடம் சலிப்படிக்கும் நாட்களில் சேர் அந்தக் கதையை எடுப்பார். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போன பெடியன், கித்துல்கலையில் டேவிட் லீன் தன்னுடைய க்வாய் நதிப் பாலம் படத்தை எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்த வெள்ளைக்காரர் ‘மழை’ என்று கத்துகிறார். உடனே மழை கொட்டுகிறது. கத்தினால் மழை பெய்யும் வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறதென்றால் அதைத்தான் செய்ய வேண்டும் என்று பெடியன் முடிவெடுக்கிறான். பிற்காலத்தில் பாலு மகேந்திராவே பேட்டிகளில் இதைச் சொன்னார். சேர் சொன்னதற்கும் அவர் சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சேர் கொஞ்சம் இடியும் மின்னலும் சேர்த்திருந்தார், அவ்வளவுதான்.

கதை கேட்ட அன்று இடைவேளையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மைதானத்தில் நின்று ‘மழை’ என்று தொண்டை கிழியக் கத்தினோம். மட்டக்களப்பு வெயில் தெரியும்தானே. ஒரு துளி விழவில்லை. அடுத்த வருடம், 1978 நவம்பர் 23 இரவு, சூறாவளி வந்தது. பாடசாலைகளின் கூரைகள் பறந்தன, தென்னைகள் பாதியில் முறிந்து கிடந்தன. நாலாம் நாள் தெருவில் கண்ட என் கூட்டாளி, “நாம கத்தினது இப்பதான் கேட்டிருக்குடா” என்றான். சிரிக்கும் நிலையில் யாரும் இல்லை. ஆனாலும் சிரித்தோம்.

எங்கள் வீட்டில் குசினிச் சுவர் ஒன்று மட்டும் நின்றது. அப்பா அதற்கு முந்தியே காலமாகிவிட்டார். ரீச்சர் சம்பளத்தில் அம்மா திரும்ப வீடு கட்டத் தொடங்கினார். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வீடு கட்டியது, சீமெந்துக்கு அடிபிடி. கிடைத்த பைகளை அம்மா படுக்கிற அறையில் அடுக்கினார். பின்னேரம் மேசனும் ஓடாவியும் போனதும் எண்ணுவார். படுக்க முன் இன்னொரு தரம். பிறகு எனக்கும் தங்கைக்கும் எதற்கென்றே தெரியாமல் பேச்சு விழும். அதற்கு முன்பு பகிடி சொல்லிச் சிரித்த மனுசி அவர். கூரை ஏறிய பிறகும் அந்தச் சிரிப்பு திரும்பி வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில், லண்டன் வந்த புதிதில், ஈஸ்ட்ஹாமில் ஒரு தமிழ்க் கடையில் வீடியோ கசற் வாடகைக்கு எடுத்தோம். சண்டைப் படம் கேட்டுப் போன எங்களுக்கு அன்று மிஞ்சியிருந்தது பாலு மகேந்திராவின் ‘வீடு’. 1987இல் எடுத்த படம். அர்ச்சனா சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறார். கடன் வாங்குகிறார், கொந்தராத்துக்காரன் ஏமாற்றுகிறான், சீமெந்து களவு போகிறது. அந்தக் கட்டத்தில் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். அறை நண்பர்கள் படம் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தார்கள். சொக்கலிங்க பாகவதர் அரைகுறைச் சுவர்களைத் தடவித் தடவிப் பார்க்கும் இடத்துக்குத்தான் திரும்பி வந்தேன்.

பல வருடம் கழித்து வாசித்தேன்: அந்தப் படத்தின் விதை பாலு மகேந்திராவின் அம்மா. அவருடைய சின்ன வயதில் வீடு கட்டத் தொடங்கிய அம்மா எப்படி வேறொரு மனுசியாக மாறினார், சிரிப்பு எப்படிப் போனது என்று அவரே சொல்லியிருந்தார். சென்னையில் நடக்கும் கதை என்று உலகம் பார்த்த படத்துக்குள் ஒரு மட்டக்களப்புத் தாய் இருந்திருக்கிறார். எனக்கு அது புதினமாகவே இருக்கவில்லை.

1966இல் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போய் ஒளிப்பதிவு படித்தவர். மலையாளத்தில் ‘நெல்லு’ முதல் ஒளிப்பதிவு, கன்னடத்தில் ‘கோகிலா’ முதல் இயக்கம். ‘மூன்றாம் பிறை’யை எல்லாருக்கும் தெரியும், விடுவோம். எனக்குப் பிடித்தது அவர் வேலை செய்த விதம். யன்னலால் வரும் வெளிச்சம் போதும் என்பார். முகத்தில் பூச்சு வேண்டாம் என்பார். எழுத்து, கமரா, எடிட்டிங் மூன்றையும் தன் கையிலேயே வைத்திருந்தார். உதவியாளர்களாக வந்தவர்களிடம் சிறுகதைகளைக் கொடுத்து, வாசித்துச் சுருக்கம் எழுதச் சொல்வாராம். வெற்றிமாறன் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாலா, ராம், சீனு ராமசாமி எல்லாரும் அந்தக் கையில் வளர்ந்தவர்கள். சேர்மாரிடம் படித்தவருக்கு உள்ளுக்குள் ஒரு சேர் இருந்திருக்கிறார் போல.

சொந்தக் குடும்பத்தை அவர் நடத்திய விதம் வேறு கதை. அவர் வாழ்க்கையில் வந்த ஷோபா தேசிய விருது பெற்ற நடிகை. 1980இல் 17 வயதில் இறந்துபோனார். பிறகு மௌனிகா. மனைவி, மகன் இருக்க இன்னொரு வீடு. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. ‘ரெட்டைவால் குருவி’, ‘சதி லீலாவதி’ என்று இரண்டு வீட்டுக்காரனின் பாட்டைப் பகிடியாக எடுத்தார். ‘மறுபடியும்’ படத்தில், விட்டுவிட்டுப் போகப்பட்ட மனைவியின் பக்கம் நின்று பார்த்தார். எங்கள் அம்மம்மாமார் இவரை முற்றத்துக்குள்ளேயே எடுத்திருக்கமாட்டார்கள். எனக்கும் அந்த விசயத்தில் அவரில் மதிப்பு இல்லை. தாயின் வீட்டை அப்படிப் பார்த்த கண்ணுக்கு, தன் வீட்டில் காத்துக்கொண்டிருந்தவர்களின் முகம் தெரியாமல் போனதா?

நாங்கள் வைத்திருந்த குறை வேறு. ஊர் எரிந்துகொண்டிருந்த காலத்தில், கமராவைக் கையில் வைத்திருந்த எங்கள் ஆள் எங்களைப் பற்றி ஒரு படம் எடுக்கவில்லையே என்பது. லண்டனில் சங்க ஒன்றுகூடல்களில் சாப்பாட்டு மேசையில் இதுதான் கதை. நானும் சத்தமாகக் கதைத்தவன். பிறகு ‘அழியாத கோலங்கள்’ படத்தை ஆறுதலாகப் பார்த்தேன். 1979இல் வந்தது. மூன்று பெடியன்கள், ஒரு ஆறு, ஊருக்குப் புதிதாக வரும் ரீச்சர், தண்ணீரில் போய்விடும் ஒரு கூட்டாளி. தன்னுடைய பள்ளிப் பருவம்தான் அது என்று அவர் சொல்லியிருக்கிறார். வாவிக் கரையில் வளர்ந்தவனுக்கு அதைச் சொல்லியா தெரியவேண்டும்? அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் வாயைத் திறப்பதில்லை.

வயதான காலத்தில் அவரை அரித்த விசயம் நெகட்டிவ். ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ படங்களின் மூல நெகட்டிவ் அழிந்துவிட்டதை மேடைக்கு மேடை சொல்லிக் கலங்கினார். படங்களைப் பாதுகாக்க ஒரு காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கட்டி முடியாத வீட்டைப் பற்றிய படத்துக்கே அந்த நிலை.

கடைசிப் படம் ‘தலைமுறைகள்’, 2013 டிசம்பர். வழக்கமான தொப்பியைக் கழற்றிவிட்டுத் தானே தாத்தாவாக நடித்தார். தமிழ் தெரியாத பேரனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து, தமிழையும் இந்தத் தாத்தாவையும் மறந்துவிடாதே என்கிறார். அடுத்த பெப்ரவரி 13ஆம் திகதி காலமானார். அந்தப் படத்தை என் பேத்தியுடன் பார்த்தேன். பாதியில் நித்திரையாகிவிட்டாள்.

சில வருடங்களுக்கு முன் ஊருக்குப் போனபோது ஒரு பின்னேரம் அமிர்தகழிக்குப் போனேன். மாமாங்கக் குளத்தடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பாலு மகேந்திரா இருந்த வீடு எது என்று விசாரித்தேன். கடையில் நின்ற இளம் பெடியன்களுக்குத் தெரியவில்லை. வாசலில் கதிரை போட்டு இருந்த ஒரு வயதான அம்மாவிடம் கேட்டேன். அவர் என் கேள்வியைக் காதிலேயே எடுக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க ஆர்ர மகன், மனே?”

அம்மாவின் பெயரைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

“சூறாவளிக்குப் பொறகு சீமெந்துப் பேக்க எண்ணிக்கொண்டு திரிஞ்ச ரீச்சரா?”

ஓம் என்றேன். உள்ளே வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.