காவிரித் தண்ணியே வருது

"காவிரித் தண்ணியே வருதும்மா" என்று நான் போனில் சொன்னேன். சொல்லிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை. திருச்சிப் பக்கம் காவிரிப் படுகையில் எடுக்கிற தண்ணீர் புதுக்கோட்டை, சிவகங்கை எல்லாம் தாண்டி எங்கள் ஊர்த் தெருக்குழாய் வரைக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அஞ்சு நாளைக்கு ஒரு தடவை வரும். மோட்டார் பழுதென்றால் பத்து நாள்கூட ஆகும். அதை நான் சொல்லவில்லை. அவர் கேட்டது "தண்ணி எப்படி டீச்சர்?" என்றுதான், எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று கேட்கவில்லை.

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே இறங்குகிற ஊர்களில் ஒன்று அது. ஈராசிரியர் பள்ளி. ஏழு வருஷம் அங்கே இருந்த பிறகு மதுரைக்கு மாறுதல் கிடைத்தது. ஆனால் மாற்று ஆள் வராமல் விடுவிக்க முடியாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அவர்மேல் தப்பில்லை, நான் போனால் அஞ்சு வகுப்பையும் அவர் ஒருத்தர்தான் பார்க்க வேண்டும். அப்படிக் காத்திருந்த சமயத்தில்தான் அந்தப் போன் வந்தது. புதிதாகப் பணி நியமனம் பெற்றவர், மன்னார்குடிப் பக்கம், எட்டு மாசக் கைக்குழந்தை இருக்கிறது, மறுநாள் கலந்தாய்வில் என் இடத்தை எடுக்கலாமா என்று யோசிக்கிறார். என் நம்பரை யாரிடமோ வாங்கியிருக்கிறார்.

"ஊர் எப்படி டீச்சர்? மனசுல பட்டதைச் சொல்லுங்க."

மனசில் பட்டதைத்தான் சொன்னேன். பின்பக்கம் பத்து நிமிஷம் நடந்தால் கடல், ராத்திரி கதவைச் சாத்தாமல்கூடப் படுக்கலாம், விடிகாலையில் வள்ளம் கரைக்கு வந்ததும் பிள்ளைகள் சூடை மீனோ நகரை மீனோ ஓலையில் கோத்து டீச்சர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள், காசு கொடுத்தால் கோபம் வரும், மாசியிலிருந்து பதநீர், பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னால் அதற்கு மறுபேச்சே கிடையாது என்றேன். இதெல்லாம் நான் அனுபவித்தது. சொல்லும்போது என் குரலே மாறியிருக்கும் என்று நினைக்கிறேன், அவ்வளவு பிரியமாகத்தான் சொன்னேன்.

இதில் இன்னொன்றும் உண்டு. அரசு வேலையில் இருக்கிறவர்கள் வாயில் ராமநாதபுரம் என்றாலே "தண்ணியில்லாக் காடு"தான். தண்டனை மாறுதலுக்கு மறுபெயர் மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்துகிறவர்களை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லையே என்று. நான் போய்ச் சேர்ந்த முதல் வருஷம், பக்கத்து வீட்டு அப்பத்தா கடற்கரை மணலில் ஊத்து தோண்டக் கூட்டிப் போனார். முழங்கால் ஆழத்துக்குக் குழி. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து காத்திருந்தால் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கொட்டாங்குச்சியால் மணல் கலங்காமல் மோந்து மோந்து குடத்தில் ஊற்ற வேண்டும், ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். வாயில் வைத்தால் அப்படி ஒரு தித்திப்பு, கடல் கண்ணுக்கெதிரே இருபது அடியில் இரைந்துகொண்டிருக்கிறது. மழைத்தண்ணி மணலில் இறங்கி, கனம் குறைவு என்பதால் உப்புத்தண்ணிக்கு மேலேயே தங்கி நிற்குமாம். நான் அவசரத்தில் கையை விட்டு இன்னும் தோண்டப் போனேன். "ஆழத் தோண்டாத தாயி, உப்பு வந்துரும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்படி ஒரு ஊரைத் தண்ணியில்லாக் காடு என்று எப்படிச் சொல்வது? அதனால் அன்றைக்குப் போனில் நான் பதில் சொன்னது அந்தப் பொண்ணுக்கு இல்லை, அந்த வசைக்குத்தான் என்று என்னை நானே பல தடவை சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

ஆனால் அது முழுக்க உண்மையா? அவர் வந்தால்தான் நான் போக முடியும் என்பது போனைக் காதில் வைத்த நொடியிலிருந்தே எனக்குத் தெரியும். ஊர் அவ்வளவு நல்ல ஊர் என்றால் நான் ஏன் மாறுதலுக்கு எழுதிக் கொடுத்தேன்? என் மாமியாருக்குச் சர்க்கரை ஏறி ஒரு ராத்திரி மயங்கி விழுந்தபோது, சிக்னலுக்காக மொட்டை மாடிக்கு ஓடி 108-க்குப் போட்டு, வண்டி வருகிற முக்கால் மணி நேரமும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையிலேயே மாறுதல் விண்ணப்பம் எழுத உட்கார்ந்துவிட்டேன். கைக்குழந்தையோடு வரப்போகிறவரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தானே. கச்சான் காற்றுக் காலத்தில் சோற்றில் மணல் நறநறக்கும், பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்பதையெல்லாம்கூட விட்டுவிடலாம். இதைச் சொல்லியிருக்கலாம்.

சொல்லியிருந்தால் அவர் வேறு ஊரை எடுத்திருப்பார். அப்புறம் அந்தப் பிள்ளைகளுக்கு யார் வருவார்கள்? எல்லோரும் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டே இருந்தால் இந்த மாதிரிப் பள்ளிக்கூடத்துக்கு ஆளே வராது. இதையும் சொல்லிப் பார்க்கிறேன். ராத்திரி நேரங்களில் இது நிற்பதில்லை, பிள்ளைகளை நினைத்தா அன்றைக்குப் பேசினேன் என்று உடனே கேள்வி வந்துவிடுகிறது.

மூணு மாசம் கழித்து சம்பளப் பாக்கி விஷயமாக ராமநாதபுரம் போனபோது பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கையில் குழந்தை இல்லை. வயிற்றுப்போக்கு ரெண்டு தடவை வந்துவிட்டதாம், மன்னார்குடியில் அம்மாவிடம் விட்டிருக்கிறாராம், மாசம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறாராம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஊர் பிடிச்சிருக்காம்மா என்று கேட்டு வைத்தேன்.

"நீங்க சொன்னதெல்லாம் அப்படியேதான் இருக்கு டீச்சர்" என்றார்.

முகத்தில் சிரிப்பு இருந்தது. குத்திக்காட்டினாரா, நன்றியாகச் சொன்னாரா என்று இன்றுவரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த வாக்கியத்தை அவர் தொடங்குவதற்குள் பஸ் வந்துவிட்டது, ஜன்னலோரம் இடம் பிடிக்க ஓடினார்.

இப்போதும் அவர் அங்கேதான் வேலை பார்க்கிறார். நாலு வயதில் குழந்தையைத் திரும்பக் கூட்டி வந்து அதே பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தார். எத்தனையோ கலந்தாய்வு வந்து போயும் எழுதிக் கொடுக்கவில்லை என்று தலைமையாசிரியர் சொன்னார். அதைக் கேட்டபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது நிஜம். பார்த்தாயா, நல்ல ஊர்தான் என்று தோன்றியது. ஆனால் அந்த மூணு வருஷத்துக்கு அது எப்படிப் பதிலாகும் என்றும் உடனேயே தோன்றியது. நான் மதுரையில் நாள் தவறாமல் அந்தக் கடலை நினைக்கிறேன், திரும்பிப் போகச் சொன்னால் போக மாட்டேன்.

அவர் பொறுப்பேற்ற அன்றைக்கு நான் இருந்த வீட்டையே அவருக்குப் பேசி வைத்திருந்தேன். நாலு குடம் தண்ணி நிரப்பி மூடியும் வைத்திருந்தேன், அதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகத் தெருக்குழாய்க்குப் போனார், பால்புட்டியைக் கழுவ. திருகினார். காற்றுதான் வந்தது. இன்னும் கொஞ்சம் திருகிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்ப வரும் டீச்சர்?"

"வெள்ளிக்கிழமை வந்துரும்மா" என்றேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அவர் குழாயை மூடிவிட்டு, சொட்டு ஏதும் வராத அந்த வாயை உள்ளங்கையால் ஒரு தடவை துடைத்துவிட்டு வந்தார். சாயங்கால பஸ்ஸுக்கு என் பெட்டியைத் தூக்க அவர்தான் கை கொடுத்தார்.