80ஆவது எழுத்துக்குப் பிறகு கர்சர் எங்கே நிற்கிறது?

80 கட்ட அகல டெர்மினலில் (கட்டத்துக்கு ஒரு எழுத்தாகக் காட்டும் கட்டளைத் திரை) சரியாக 80 எழுத்து அச்சிட்டாயிற்று. கர்சர் அடுத்த வரிக்குப் போயிருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். டெக் நிறுவனம் 1978இல் கொண்டுவந்த விடி100 டெர்மினலில் அப்படி இல்லை. கர்சர் 80ஆவது கட்டத்திலேயே நிற்கும். 'அடுத்தது வந்தால் மடி' என்று உள்ளுக்குள் ஒரு கொடி (நினைவுக் குறி) மட்டும் ஏறும். 81ஆவது எழுத்து வந்த பிறகே அடுத்த வரி. எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் நிரலும் இதே வழிதான்.

காரணம் நியாயமானது. 80 எழுத்துக்குப் பின் நியூலைன் ('அடுத்த வரிக்குப் போ' என்ற குறி) வந்தால் நடுவில் வெற்று வரி விழாது. திரையின் வலது கீழ் மூலையில் எழுதினாலும் திரை மேலே உருளாது.

தொல்லை என்னவென்றால் அந்தக் கொடி வெளியே தெரியாது. கர்சர் இடத்தைக் கேட்டால் (எஸ்கேப், இடது சதுர அடைப்பு, 6, சின்ன என்) 79 எழுத்துக்குப் பின்னும் 80 என்கிறது, 80 எழுத்துக்குப் பின்னும் 80 என்கிறது. இந்த நிலையில் பேக்ஸ்பேஸ் அனுப்பினால் கர்சர் 79க்குப் போகும். கடைசி எழுத்தை மாற்ற நினைத்தவர் அதற்கு முந்தையதை அழித்துவிடுவார். ஓரத்தில் 'இங்கிருந்து ஒரு கட்டம் இடது' போன்ற ஒப்பீட்டு நகர்வை நம்பாமல் வரி எண், கட்ட எண் கொடுத்தே நகர்த்துங்கள். மடித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு ஸ்பேஸும் கேரேஜ் ரிட்டர்னும் (வரித் தொடக்கத்துக்குத் திருப்பும் குறி) அனுப்புங்கள். மடிப்பே வேண்டாமென்றால் எஸ்கேப், இடது சதுர அடைப்பு, கேள்விக்குறி, 7, சின்ன எல். திரும்பக் கொண்டுவர எல்லுக்குப் பதில் எச். நிரல் பாதியில் செத்தாலும் இதைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சாக வேண்டும்.

கோப்புகளில் சொல் தேடும் நிரலான ஜிஎன்யூ கிரெப்பில் நிறம் போட்டுத் தேடும்போது இது கண்ணில் படும். நிறம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் அது 'வரியின் மிச்சத்தை அழி' என்ற கட்டளையையும் அனுப்புகிறது. தேடிய சொல் 81ஆவது எழுத்தில் தொடங்கினால், கர்சர் இன்னும் 80இல் நிற்பதால், அங்கிருந்த எழுத்து காணாமல் போகும். கோப்பில் ஒரு பழுதும் இல்லை. கிரெப்பின் நிறங்களுக்கான சூழல் மாறியில் என், இ என்ற இரண்டெழுத்தைச் சேர்த்தால் அந்த அழிப்பு நிற்கும்.

டெர்மினல்களின் குணங்களைப் பட்டியலிடும் டெர்மின்ஃபோவில் இதற்கு இரண்டு குறிகள்: தானாக மடியும் என்பதற்கு ஏஎம், மடிப்பில் வில்லங்கம் உண்டு என்பதற்கு எக்ஸ்இஎன்எல். இரண்டாவது குறி கான்செப்ட் என்ற பெயருள்ள டெர்மினலுக்காக வந்தது. அந்த டெர்மினல் 80 எழுத்துக்குப் பிறகு வரும் நியூலைனை விழுங்கிவிடும். விடி100இன் தள்ளிப்போடும் பழக்கம் வேறு ரகம், ஆனாலும் அதே குறிக்குள் அடைத்துவிட்டார்கள்.

கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான பாஷில் நீளமான கட்டளை அடிக்கும்போது வரி மடியாமல் அதே வரியின் மேலேயே எழுதினால், டெர்மினலைத் திட்ட வேண்டாம். ப்ராம்ப்ட்டில் (கட்டளைக்கு முன்னால் தெரியும் தொடக்க எழுத்துகள்) உள்ள நிறக் குறியீடுகளைப் பின்சாய்கோடு சேர்ந்த சதுர அடைப்புகளுக்குள் வைக்காததால் பாஷ் அவற்றையும் அகலத்தில் எண்ணுகிறது.

தமிழுக்கும் இந்தக் கணக்கு உதைக்கும். யூனிகோடில் புள்ளியும் 'ஈ'காரக் குறியும் இடம்பிடிக்காத வகை, 'இ'கரக் குறி இடம்பிடிக்கும் வகை. அதனால் 'தமிழ்' இந்த வகையைப் பார்த்து எண்ணும் நிரலுக்கு நான்கு கட்டம், குறிகளை எழுத்தோடு சேர்த்து எண்ணும் இன்னொன்றுக்கு மூன்று. நிரலும் டெர்மினலும் வேறு வேறாக எண்ணினால் கர்சர் ஒரு கட்டம் தள்ளியே நிற்கும்.