கிழமேல் அடி 18

கும்பகோணத்துப் பழைய தெருக்களில் வீட்டை இடித்துக் கட்டவேண்டும் என்று யார் கூப்பிட்டாலும், நில அளவரை என்றைக்கு வரச் சொல்லலாம் என்றுதான் முதலில் கேட்பேன். பிளான், எஸ்டிமேட் எல்லாம் அப்புறம்.

இந்தத் தெருக்களில் வீட்டின் அகலம் 16 அடி, 18 அடிதான். திண்ணை, ரேழி, முற்றம், கொல்லை என்று உள்ளே நீண்டுகொண்டே போகும். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். வேலைக்கு வந்த புதிதில் இது எனக்கு உறைக்கவில்லை. பத்திரத்தைப் பார்த்தோம், நாங்களே டேப் பிடித்தோம், அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினோம். இரண்டாம் நாள் இரவு மழை. காலையில் போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டுக் கொல்லைச் சுவர் எங்கள் குழிப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்த இரண்டு குடும்பமும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. அதில் என் பங்கு உண்டு என்பதை நான் மறக்கவில்லை.

அதற்குப் பல வருடம் கழித்து வந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். பத்திரத்தில் ‘கிழமேல் அடி 18’, அதாவது கிழக்கு மேற்காக அகலம் 18 அடி என்று இருந்தது. உள் அகலத்தை அளந்தேன், பதினாறரை அடி. இரண்டு பக்கச் சுவரும் ஒன்றரை அடிக் கனம். வீட்டுக்காரர், “மேற்குச் சுவர் முழுசா நம்மதுதான் சார். பதினாறரையும் ஒன்றரையும் பதினெட்டு, கணக்கு சரியா வருதே” என்றார். வரத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு பக்கச் சுவரிலும் பாதிப் பாதி, ஒன்பது ஒன்பது அங்குலம் என்று கூட்டினாலும் அதே 18தான். ஒரு வீட்டை மட்டும் எத்தனை தடவை அளந்தாலும் இதற்கு விடை கிடைக்காது.

தெரிந்த தனியார் சர்வேயரை வைத்துச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று அவர் நினைத்தார். தனியார் அளவை நம் தெளிவுக்கு உதவும். ஆனால் நாளைக்குத் தகராறு என்று வந்தால் அரசு நில அளவரின் அளவைத்தான் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் தகவல் போய், அவர் எதிரில் அளப்பதுதான் அதன் பலம். எனவே பணம் கட்டி விண்ணப்பித்துக் காத்திருந்தோம். மேற்கு வீட்டில் வயதான அம்மா ஒருவர் தனியாக இருந்தார். அளக்கிற அன்றைக்குத் திருச்சியிலிருந்து அவர் மகன் லீவு போட்டு வந்து நின்றார்.

நில அளவர் எங்கள் வீட்டுக்குள் நுழையவே இல்லை. தெருவின் கிழக்கு முனையில் குப்பையை விலக்கிச் சர்வே கல்லைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து ஒவ்வொரு வீடாக, நகர அளவைப் படத்தோடு ஒப்பிட்டபடி, எங்களைத் தாண்டி இன்னும் நாலு வீடு வரை அளந்துகொண்டே போனார். திரும்பி வந்து, மேற்குச் சுவர் தெருவைப் பார்க்கிற முகப்பில் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போட்டார். கோடு சுவரின் நட்டநடுவில் விழுந்தது.

“நான் கோடு காட்டுவேன். சுவர் யாருதுன்னு பத்திரம்தான் சொல்லணும்” என்றார்.

அந்த அம்மா பெட்டியிலிருந்து தன் பத்திரத்தை எடுத்து வந்தார். எல்லை விவரத்தில் ‘கீழ்புறச் சுவர் பொது’ என்று இருந்தது. அவருக்குக் கிழக்குச் சுவர் என்றால் அது எங்கள் மேற்குச் சுவர்தான். சுவரிலும் அடையாளம் இருந்தது. எங்கள் பக்கம் காரையைக் கொஞ்சம் பெயர்த்துப் பார்த்தபோது, அந்தப் பக்கத்து உத்திரங்களின் நுனி சுவரின் பாதிக்கனம் வரை வந்து உட்கார்ந்திருந்தது. இடித்திருந்தால் அந்த அம்மாவின் கூரை இறங்கியிருக்கும்.

கிழக்குப் பக்கமும் இதே கதைதான். அங்கே இருந்தவர் வீட்டுக்காரருக்கு அண்ணன் முறை, பேச்சில் முடிந்தது.

நம் மண்ணுக்குப் பக்கத்து மண் தரும் தாங்கல் இயல்பான உரிமை என்று 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் சொல்கிறது. 20 ஆண்டுகள் தடையில்லாமல் அந்தத் தாங்கலில் நின்ற கட்டடத்துக்கும் அந்த உரிமை சேர்ந்துவிடும். மேற்கு வீடு நூறு வருடப் பழசு. எனவே சுவரைத் தொடாமல் எங்கள் பக்கம் தனியாகத் தூண் நிறுத்த முடிவு செய்தேன். எல்லையோரத் தூணின் அடித்தளம் நாலு பக்கமும் விரிய இடமில்லை. உள்பக்கமாக நீட்டி, உள்ளே இருக்கும் தூணோடு பீம் போட்டுப் பிணைத்தோம். இங்கே களிமண், சுவரோரமாக ஒரேயடியாகத் தோண்டினால் சரிந்துவிடும். மூன்று மூன்று அடியாக, ஒன்றைத் தோண்டிக் கட்டி மூடிய பிறகுதான் அடுத்ததில் கை வைத்தோம். மேஸ்திரி நாள் கணக்கைச் சொல்லி முணுமுணுத்தார். வீட்டுக்காரருக்கு ஏறக்குறைய ஓர் அடி அகலம் போயிற்று. அந்த வருத்தம் நியாயமானது, 18 அடியில் ஓர் அடி சின்ன விஷயமில்லை.

தோண்டுவதற்கு முன்பே மேற்கு வீட்டின் ஒவ்வொரு அறையையும் அந்த அம்மாவோடு நடந்து போட்டோ எடுத்திருந்தேன். விளக்குப் பிறைக்கு மேலே ஒரு பழைய விரிசல். அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். தினமும் காலையில் விளக்கேற்றும்போது பார்த்துவிட்டு, “முழுசா இருக்கு தம்பி” என்று திண்ணையிலிருந்து குரல் கொடுப்பார்.

தளம் போட்டு முடித்த வாரம், “இனிமே கண்ணாடியை எடுத்துடலாமாப்பா?” என்று கேட்டார்.

ஐப்பசி மழை ஒன்று போகட்டும் அம்மா, அப்புறம் எடுப்போம் என்றேன்.