டேங்கர் கவிழ்ந்தால் முதலில் எண்ணைப் படியுங்கள்

கவிழ்ந்து கிடக்கும் டேங்கர் லாரியைப் பார்த்ததும் ஓட்டுநரைத் தூக்க ஓடத்தான் தோன்றும். தயவுசெய்து ஒரு நிமிடம் நில்லுங்கள். காற்று முதுகில் படும்படி, முடிந்தால் மேட்டுப் பக்கமாக நின்று, தூரத்திலிருந்தே எச்சரிக்கைப் பலகையைப் படியுங்கள். பைனாகுலர் இல்லாவிட்டால் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

அதிலுள்ள நான்கு இலக்க யுஎன் எண் (ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. முறையில் தரப்படும் அடையாள எண்) சரக்கு என்னவென்று சொல்லிவிடும்: 1203 பெட்ரோல், 1075 எல்பிஜி, 1005 அம்மோனியா, 1017 குளோரின். பல நாடுகளில் இதற்கு மேலே ஆபத்தின் வகையைக் காட்டும் இன்னொரு எண்ணும் இருக்கும். அது 'எக்ஸ்' எழுத்தில் தொடங்கினால் தண்ணீர் பட்டால் ஆபத்து. அவசர உதவிக்கு அழைக்கும்போது யுஎன் எண், கசிவா தீயா, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.

எல்பிஜிதான் அதிகம் ஏமாற்றும். திரவம் ஆவியாகும்போது சுமார் 250 மடங்கு விரியும். காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். வெண்புகை முடியும் இடத்தோடு வாயு முடிந்துவிடாது. கசிவு மட்டும் என்றால் சுற்றிலும் குறைந்தது 100 மீட்டர், பெரிய கசிவென்றால் காற்று போகும் திசையில் 800 மீட்டர், டேங்கே தீயில் சிக்கினால் எல்லாப் பக்கமும் 1,600 மீட்டர் ஆட்களை அகற்ற வேண்டும்.

வால்வில் எரியும் தீயை, கசிவை நிறுத்த வழி இல்லாதபோது அணைக்கவே கூடாது. தீ அணைந்தாலும் வாயு வந்துகொண்டே இருக்கும். பரவிய பிறகு எங்கோ ஒரு பொறி பட்டால் மொத்தமாகப் பற்றும். தண்ணீரை டேங்கின் மேல்பாதியில் அடியுங்கள்: உள்ளே திரவம் படாத தகடுதான் சீக்கிரம் சூடேறி வலுவிழக்கும். சேஃப்டி வால்வின் மேல் அடித்தால் பனி உறைந்து அடைத்துக்கொள்ளும். சீறும் சத்தம் ஏறிக்கொண்டே போனாலோ, தகடு நிறம் மாறினாலோ, ஹோஸைப் போட்டுவிட்டு உடனே விலகுங்கள். டேங்கின் இரு முனைகளுக்கும் நேரே எப்போதும் நிற்க வேண்டாம்.

பெட்ரோல் தீக்குத் தீயணைப்பு நுரைதான் அடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் அடித்தால் எரிகிற பெட்ரோல் மிதந்து பரவும். எத்தனால் என்றால் சாதாரண நுரை நிற்காது, அதிலுள்ள தண்ணீரை எத்தனால் உறிஞ்சிவிடும். ஆல்கஹாலைத் தாங்கும் நுரை வேண்டும். சிந்திய பெட்ரோலைப் பிடிக்க யாரையும் விடாதீர்கள். பாகிஸ்தானின் பஹாவல்பூர் அருகே 2017-இல் அப்படிக் கூடியவர்களில் 200-க்கும் மேற்பட்டோர் தீப்பற்றி இறந்தார்கள்.

அமிலம் பட்டவரின் உடையைத் தலைவழியே கழற்றாமல் வெட்டி எடுத்து, ஓடும் நீரில் 20 நிமிடமாவது கழுவுங்கள். எல்பிஜியால் தோலோடு உறைந்த துணியை இழுக்காதீர்கள். உருகிய பிறகே எடுக்க வேண்டும். கழற்றியதைப் பையில் கட்டி வையுங்கள். ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே மருத்துவமனைக்கு யுஎன் எண்ணைச் சொல்லிவிடுங்கள்.